கண்ணாடியில் ஒரு புள்ளி

பாஸ்போர்ட், முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்,
இரண்டு காப்பி.
அப்படித்தான் வந்தாள் என் கடைக்கு,
பதினோரு வருஷம் முன்பு,
ராயபுரம் பாலத்தடியில் முழங்கால் தண்ணீர் நின்ற நவம்பரில்,
செருப்பைக் கையில் பிடித்தபடி.
பெயர்: பொஜெனா வில்செக்.
பிறந்த ஊர்: வூச்.
தும்மல் மாதிரி ஓர் ஊர்.
தெரு அவளை ஒரே வாரத்தில்
போஜனம்மா ஆக்கிவிட்டது.

நான் எதுவும் கேட்டதில்லை அவளை.
கேட்பானேன்?
எல்லாம் என் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து
எழுந்துதானே போகிறது.
விசா நீட்டிப்பு. மறுபடி நீட்டிப்பு.
கிண்டிப் பக்கம் நட்சத்திர ஹோட்டலில்
வாரம் ஆறு மாலை பியானோ,
இரவுச் சாப்பாடு உண்டு,
விருந்தினர் பேச்சை மீறிச் சத்தம் வரக்கூடாது, கையொப்பம்.
மணிக்கட்டு எக்ஸ்ரே ரிப்போர்ட்
(ஷேர் ஆட்டோ, கல்மண்டபம் திருப்பம்).
போலிஷில் ஒரு தாள், மூலையில் கறுப்புச் சிலுவை.
அதற்கு மட்டும் காசு வேண்டாம் என்றேன்.
மேசையில் வைத்துவிட்டுப் போனாள்,
சில்லறை சரியாக.

வேறு தாளும் உண்டு.
ஐந்து ஐந்தாய் வெறுங்கோடு மட்டும்.
ஒன்றைக் கொடுத்து நூறு கேட்பாள்.
'இன்னாம்மா, ஒண்ணுமே எழுதலியே இதுல?'
'அதனாலதான் நூறு' என்பாள்.

மாடியில் இருந்தது அவள் பியானோ.
கடல் காற்று கம்பியைத் தின்று
ஏழு கட்டை வாய் திறப்பதில்லை.
துறைமுகத்துக்கு வரிசை கட்டி
கன்டெய்னர் லாரிகள் நகராமல் கிடக்கும் ராத்திரிகளில்
ஏர் பிரேக் ஒன்று உஸ்ஸென்னும்.
மேலே ஒரு கட்டையைத் தட்டுவாள்.
மறுபடி உஸ்.
மறுபடி அதே கட்டை, கொஞ்சம் தாமதமாய்.
ஷட்டரை இறக்கிக்கொண்டே
நானும் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன்,
பஸ் போனது தெரியாமல்.

போன ஆடியில் ஹோட்டல்காரர்கள்
தானே வாசித்துக்கொள்ளும் பெட்டி ஒன்று வாங்கினார்கள்.
'தங்கள் சேவைக்கு நன்றி.'
மூன்று காப்பி.

அடுத்த மாதம் நாற்பத்திரண்டு பக்கத்தோடு வந்தாள்,
வெறுங்கோடு எதுவும் பாக்கியில்லாமல்.
நாலு பேர் சேர்ந்து வாசிப்பதாம்.
கிராகோவில் ஒரு சின்ன ஹாலில், அறுபது நாற்காலி.
'நீங்க போகலியா?'
'டிக்கெட் என்ன விலை தெரியுமா? தாள் போகட்டும்.'
ஸ்கேன் பண்ணி அனுப்பினேன்.
அவள் பதினோரு வருஷமாய்த் தாண்டாத கடலை
அது டீ ஆறுவதற்குள் தாண்டியது.

கண்ணாடியின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி.
முத்திரை மை தெறித்தது.
தேய்த்துப் பார்த்தேன், ஸ்பிரிட் போட்டும் பார்த்தேன்.
யார் ஆதார் கார்டில் விழுந்தாலும்
யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

தை பிறந்து வந்தாள், போனைக் காதில் திணித்தாள்.
எனக்குப் புரியாத சங்கீதம்.
ஒவ்வோர் இடத்தில் விரலைத் தூக்கினாள்: இது. இதோ, இது.
ஒன்பது முறை.
நோட்டின் தலைக்குமேல் புள்ளி இருந்தால்
இழுக்காமல் சட்டென்று வெட்ட வேண்டுமாம்.
முப்பத்துமூன்று பக்கத்தில் என் மை வெற்றிடத்தில் விழுந்திருக்கிறது.
ஒன்பதில் சரியாகத் தலைமேல்.
வெட்டிவிட்டார்கள் நாலு பேரும், பயபக்தியோடு.

எனக்குக் கை நடுங்கியது.
பில் புத்தகத்தின் பின்னால் எழுதிக் காட்டினேன்:
க.
மேலே புள்ளி வைத்தேன்.
க்.
'எங்களுக்கும் அப்படித்தாம்மா. புள்ளி வெச்சா மூச்சு நின்னுடும்.'
அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
'அந்த ஒன்பது இடத்திலும்
நான் ரொம்ப இழுத்திருந்தேன், ஜெசிந்தா' என்றாள்,
போலிஷ் வாடை அடிக்கும் தமிழில்.
வெளியே ஏதோ லாரி உஸ்ஸென்றது.
இருவரும் திரும்பவில்லை.

பிறகு ஒற்றைத் தாளை நீட்டினாள், ஐந்து ஐந்தாய்க் கோடு.
நூறு.
நூறிலும் விழும் என்றேன், அதே இடத்தில்.
'புள்ளிக்குத் தனியா எவ்வளவு?'
பக்கம் ஒன்றரை ரூபாய் என்றேன்,
புள்ளி சேர்த்து.